குப்பம்மாள் வைத்த குதிர்

கோட்டைக்குப்பத்துக் குப்பம்மாள் பிறந்தது ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்தில். அந்தத் தீவுக்கு அப்படிப் பேர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஒரு கோடைக்காவது அங்கே குடியிருந்து பார்த்திருந்தால் வேறு பேர் வைத்திருப்பான். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் மணல். நெல் என்பது கரையூர்க்காரர்கள் மனசு வைத்தால் படகேறி வரும் பொருள். மீனைக் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டும். மீன் கிடைக்காத நாளில் ஊரே ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அவளுக்கு விவரம் தெரிந்த வயதில் ஒரு பஞ்சம் வந்தது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை எழும்பி ரொம்ப காலம் ஆகவில்லை. நல்ல காலத்தில் கப்பல்கள் துணிப்பொதிக்காக வரும். பஞ்ச காலத்தில் ஆள் ஏற்றவும் வரும். அவற்றுக்கு ஆள் பிடித்து விற்கத் தரகர்கள் கரையோரம் கொட்டகை போட்டுவிடுவார்கள். பிணம் விழும் இடம் கழுகுக்குத் தெரியாதா? குப்பம்மாளின் நைனா தன் இளைய மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு மூட்டை அரிசி இருந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா உலை வைத்தாள். குப்பம்மாளும் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள், மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்தப் பத்தில் கூடப் பிறந்தவளும் ஒன்று என்பதை அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

கோட்டைக்குப்பத்துச் சுப்பனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். சுப்பன் சலங்குப் படகுக்காரன். அலையில் கவிழாமல் துணிப்பொதிகளைக் கப்பல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. வாய் திறந்து பேசுவதை ஏதோ செலவு என்று நினைப்பவன். அதற்கும் சேர்த்துக் குப்பம்மாள் பேசினாள். குப்பத்தில் அவள் நாக்குக்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஆனால் ஏதாவது வீட்டில் குழந்தை பசித்து அழுதால் மட்டும் அந்த நாக்கு அடங்கிவிடும். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். இந்தக் குப்பத்திலிருந்து ஒரு பிள்ளையும் அந்தக் கொட்டகைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வலையில் மீன் விழுந்தால் முதல் பங்கு அம்மனுக்கு என்பது ஊர் வழக்கம். அம்மன் பங்கு பூசாரி வீட்டுக்குப் போகும். அவர் தின்றது போக மிச்சத்தைக் கருவாடாக்கி விற்பார். ஒரு நாள் வலை உலர்த்தும் மேட்டில் ஆண்கள் கூட்டம் போட்டிருந்தபோது குப்பம்மாள் நேராகப் போய் நாட்டார் மாசிலாமணிக்கு எதிரே நின்றாள். நாட்டார்தான் குப்பத்துக்குத் தலைவர். பெண்கள் அங்கே வந்து நிற்பது வழக்கமில்லை.

"அம்மன் பங்கு இன்னா ஆவுது நாட்டாரே?"

"இன்னா ஆவும்? பூசாரி வூட்டுக்குப் போவுது."

"அம்மனுக்குப் பசிக்குதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

"பூசாரிக்குப் பாதி போவட்டும். மீதிப் பாதிய நெல்லா, கேவுரா மாத்தி அம்மன் குடிசையில ஒரு குதிர் வெச்சி போட்டு வெப்போம். எந்த வூட்டுக்குத் தானியம் வந்தாலும் ஒரு கைப்பிடி அதுல போடணும். பஞ்சம் வந்தா அத தொறக்கலாம். அப்ப யாரும் புள்ளையக் கையப் புடிச்சி இட்டுகினு போவ வேணாம்."

பிள்ளைப் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் அப்படி ஒரு கதை உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை.

"போடறது சரி," என்றார் மாசிலாமணி. "எடுத்துக் குடுக்கறது யாரு? நீ உன் ஒறமொறைக்கு அள்ளிக் குடுப்பே, நான் என் ஒறமொறைக்கு அள்ளிக் குடுப்பேன். கடைசியில குதிர்ல எலிதான் இருக்கும்."

இதற்குக் குப்பம்மாள் வீட்டிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தாள். பாடு மாதிரியே செய்வோம் என்றாள்.

பாடு என்பது அந்த ஏரிக்காரர்களுக்கு உயிர். ஏரியில் நல்ல மீன் விழும் இடங்கள் கொஞ்சம், வலை வைத்திருக்கும் வீடுகள் நிறைய. பலசாலி எல்லாவற்றையும் வளைத்துக்கொள்ளக் கூடாது என்று முன்னோர்கள் முறை வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிப்பி, அதில் அந்த வீட்டு அடையாளம் கீறியிருக்கும். பானையில் போட்டுக் குலுக்கி எடுத்தால் யார் சிப்பி முதலில் வருகிறதோ அவர் முதலில் வலை போடுவார், அடுத்தது அடுத்தவர். எல்லாச் சிப்பியும் தீர்ந்தபின் மறுபடி குலுக்குவார்கள். நாட்டார் மகனும் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பாட்டை மீறியவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். பாடு மாதிரி என்று குப்பம்மாள் சொன்னதும் ஆண்கள் எல்லாரும் தலையை ஆட்டியதற்குக் காரணம் அதுதான். அதைவிட நியாயமான ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

ஒரே ஒரு சண்டை மட்டும் வந்தது. ஆண் இல்லாத வீட்டுக்குப் பாட்டில் சிப்பி கிடையாது. தாலி அறுத்தவளுக்கும் குதிரில் ஒரு சிப்பி வேண்டும் என்று குப்பம்மாள் நின்றாள். புருஷனைக் கடலில் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ரங்கம்மாளை மனசில் வைத்துத்தான் கேட்டாள். ரங்கம்மாளுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்புத் தண்ணீரில் உட்கார்ந்து, ஓலையில் முடைந்த பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். அப்படிப் பிடித்ததை விற்றுத்தான் கஞ்சி. நாட்டார் கடைசியில் இறங்கி வந்தார். ரங்கம்மாளே தன் சிப்பியைக் கீறிக்கொண்டு வந்து கொடுத்தாள். அன்றைக்குக் குப்பம்மாளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

குதிர் எழும்பியது. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து ஆள் உயரத்துக்கு அவளே கட்டினாள், தானியம் போடும்போதெல்லாம் வாயை மண் பூசி மூடினாள், அடியில் ஒரு துளை வைத்து அடைத்தாள். வேப்பிலையும் சாம்பலும் போட்டு வைத்ததால் வண்டு வரவில்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது தட்டிப் பார்த்தால் அவள் காதுக்கு மட்டும் தெரியும். நல்ல வருஷங்கள் சில போயின. பூசாரி வீட்டார் மட்டும் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனார்கள்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்ததைத் தாங்கினார்கள். அடுத்த வருஷமும் பொய்த்தது. மழை இல்லாவிட்டால் உழவனுக்குத்தானே கஷ்டம் என்று நினைப்பவர்கள் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. வெள்ளம் வந்து முட்டினால்தான் முகத்துவாரத்து மணல் உடையும். மணல் உடைந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீனும் உள்ளே வரும். வெள்ளம் வரவில்லை, முகத்துவாரம் அடைத்துக்கொண்டது, ஏரி சுருங்கிச் சுருங்கிக் கரையெல்லாம் உப்புப் பூத்தது. கடலில் போனவர்களுக்கும் வலை வெறுமையாக வந்தது. கரையூர்களில் நெல் இல்லாததால், இருந்த மீனை வாங்கவும் ஆள் இல்லை. கரையோரத்தில் கொட்டகைகள் மறுபடி முளைத்தன.

குதிரைத் திறந்தார்கள். சிப்பிகளைக் குலுக்கி, தினம் சில வீடுகளுக்கு, ஒரே படியால் அளந்து கொடுத்தாள். பிள்ளை அதிகம், பிள்ளை குறைவு என்ற பேச்சே இல்லை. ஒரு சிப்பிக்கு ஒரு அளவு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்கள் கொட்டகைப் பக்கம் நடந்து போவதைக் குப்பத்திலிருந்து பார்க்கலாம். கோட்டைக்குப்பத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. ஒரு நாள் நாட்டாரின் மருமகன் முறைக்கு முந்தி வந்து கூடையை நீட்டினான். முறை வந்தால் வா என்று திருப்பி அனுப்பிவிட்டாள். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ற கதையா கீது," என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நாட்டார் அவள் பக்கமே நின்றார். அதனால் குதிருக்கு மரியாதை கூடியது.

முதல் சுற்றில் ரங்கம்மாளின் சிப்பி முதலிலேயே வந்தது. அடுத்த சுற்றுக்குக் குலுக்கியபோது கடைசியில் வந்தது. பாட்டில் இப்படி நடப்பது சகஜம். முன்னே வந்தவன் பின்னே போவான், பின்னே போனவன் முன்னே வருவான், வருஷ முடிவில் எல்லாம் சரியாகிவிடும். மீனுக்கு அது சரி. வயிறு வருஷ முடிவு வரைக்கும் காத்திருக்காது என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் ரங்கம்மாள் அம்மன் குடிசைக்கு வந்தாள். சின்னவன் இடுப்பில் இருந்தான், அழக்கூடத் தெம்பில்லாமல். மகள் அங்கம்மா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, எங்க மொறைய இப்பவே குடுத்துடேன். அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

"இன்னும் அஞ்சாறு வூடு கீதே ரங்கம்மா. அதுக்கப்புறம் உன்னுதுதான்."

"அதுவரைக்கும் இவன் இருப்பானான்னு தெரில."

குப்பம்மாள் குதிரைப் பார்த்தாள். விடிந்ததும்தான் தட்டிப் பார்த்திருந்தாள். பாதிக்கு மேல் இருந்தது. அடுத்த வருஷமும் மழை வராவிட்டால் என்ன செய்வது என்று அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு படி எடுத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தாள். ஆனால் குடிசைக்கு வெளியே அன்றைய முறைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாட்டார் மருமகனைத் திருப்பி அனுப்பிவிட்டு இவளுக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும், நாளை மறுநாள் குதிர் உடையும்.

"உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கடி. பாடுன்னா பாடுதான். நீயே சொல்லு, நான் இன்னா பண்ண?"

ரங்கம்மாள் தலையை ஆட்டினாள். அதுதான் கொடுமை. அவளும் அந்த ஊர்க்காரிதான், பாட்டை மீறு என்று கேட்க அவளுக்கே வாய் வரவில்லை. குப்பம்மாள் தன் வீட்டுக்கு ஓடிப்போய், நண்டு வேகவைத்த தண்ணீர் கொஞ்சம் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கம்மா அதைத் தான் குடிக்காமல் தம்பி வாயில் வைத்தாள். அவர்கள் போனபின் குப்பம்மாள் அன்றைய முறைக்காரர்களுக்கு அளந்து கொடுத்தாள். ஒரு மணி கூடச் சிந்தாமல் அளந்தாள்.

மறுநாளும் ரங்கம்மாள் வந்தாள். பிள்ளைகள் கூட இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பிடி அரிசியைக் குதிருக்குப் பக்கத்தில், கைப்பிடித் தானியம் சேர்க்க வைத்திருந்த கூடையில் போட்டாள். வெள்ளை வெளேரென்று சன்ன அரிசி. அந்த மாதிரி அரிசியை அந்தக் குப்பத்தில் யாரும் அந்த வருஷம் கண்ணால் பார்க்கவில்லை.

"ஏதுடி இது?"

"வூட்டுக்குத் தானியம் வந்தா ஒரு கைப்பிடி போடணும்னு நீதானே சொன்னே."

குப்பம்மாள் கூடையிலிருந்த அரிசியைப் பார்த்தாள், ரங்கம்மாளைப் பார்த்தாள். பிறகு தலைவிரிகோலமாகக் கொட்டகைப் பக்கம் ஓடினாள்.

கொட்டகைக்காரத் தரகன் நல்ல மனுஷனாகவே பேசினான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் தன்னிடம் இல்லை என்றான். குதிரிலிருக்கும் தானியம் பூராவையும் கொண்டுவருகிறேன் என்று கும்பிட்டாள். அதை யாரைக் கேட்டுச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "தானியம் எங்கிட்டயே மூட்டை மூட்டையா கீது ஆத்தா, எனக்கு வேண்டியது ஆளு," என்றான். வேண்டுமானால் பார்த்துவிட்டுப் போ என்று ஓலைத் தட்டியைத் தள்ளிக் காட்டினான். உள்ளே வரிசையாக உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஏறும்வரை தெம்பாக இருக்க வேண்டும் அல்லவா. அங்கம்மா ஒரு ஓரத்தில் இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

குப்பம்மாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. வாயில் சோறோடு கேட்டாள்:

"எங்க மொற வந்துடுச்சா அத்தே?"

"வந்துடுச்சிம்மா."

"அப்ப அதத் தம்பிக்குக் குடுத்துடு. எனக்கு இங்க போடறாங்க."

தட்டியை இழுத்து மூடினார்கள். குப்பம்மாள் மணலில் உட்கார்ந்து வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இன்னும் பலர் அப்படி அழுதுகொண்டிருந்ததால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவள் சிப்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் கொட்டினாள். ஆண்கள் பதறிப்போய் ஓடிவந்தார்கள். யாருக்குப் பசிக்கிறதோ அவர்களுக்குத்தான் இனிமேல், கேட்க வருகிறவன் என் முன்னால் வரட்டும் என்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்து நாட்டாரே வாயை மூடிக்கொண்டார். முதல் படி ரங்கம்மாள் வீட்டுக்குப் போனது. அதன்பிறகு சாகும்வரை அவள் அந்தக் குதிரை அப்படித்தான் நடத்தினாள். தினமும் குப்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். எந்த அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடக்கிறதோ அந்த வீட்டுக்குக் கேட்காமலேயே தானியம் போகும். முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள்.

ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிய அன்று சுப்பன் கையில் சுளுக்கு என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். அவன் சலங்கு போகவில்லை என்பதற்காகக் கப்பல் நிற்கப் போவதில்லை, வேறு ஊர்ச் சலங்கு வந்து ஏற்றிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் காற்று மாறியது. இரண்டு வருஷமாக ஊரே வேண்டிக்கொண்டிருந்த வாடைக்காற்று. புயலுக்கு முன் போய்விட வேண்டும் என்று கப்பல் அவசர அவசரமாகப் பாய் விரித்தது. அது கண்ணுக்கு மறைவதற்குள் வடக்கே மேகம் கட்டிவிட்டது.

பிறகு பெய்தது மழையா அது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறு பெருகி, ஏரி நிரம்பி, முகத்துவாரம் உடைந்து, இறால் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன. சின்னவன் பிழைத்துக்கொண்டான். ரங்கம்மாள் மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

வெயில் வந்ததும், குதிரைப் பழுது பார்த்துப் புதுசாகப் பூச வேண்டும் என்று நாட்டார் ஊரைக் கூட்டினார். இருப்பதை வெளியே எடுத்துவிட்டுத்தான் பூச முடியும். பாயை விரித்துத் துளையைத் திறந்துவிட்டார்கள். நெல்லும் கேழ்வரகும் சரசரவென்று விழுந்துகொண்டே இருந்தது. பாய் நிறைந்து இன்னொரு பாய் விரிக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு மிஞ்சும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆண்கள் மலைத்துப்போய் நின்றார்கள்.

"பாத்துக்கோங்க," என்றார் மாசிலாமணி, சந்தோஷம் தாங்காமல். "பஞ்சமே போயிடுச்சி, இன்னும் மிச்சம் கீது. குப்பம்மா மாதிரி கெட்டிக்காரி எந்தக் குப்பத்துலயும் கெடையாது."

எல்லாரும் குப்பம்மாளைப் பார்த்தார்கள். அவள் அந்தக் குவியலைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் நின்றாள்.  அதில் ஒரு மூலை போதும், ஒரு வீடு மழை வரும்வரை தின்றிருக்கும்.

சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரங்கம்மாள் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். குனிந்து, குவியலுக்குள் கையை முழங்கைவரை விட்டுப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள்:

"அன்னிக்கும் இவ்ளோ இருந்துதா யக்கா?"

"இருந்துது," என்றாள் குப்பம்மாள்.